தெளிந்த தண்ணீர்

பலகைக்காரர் என்று எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். பெயரைக் கேட்டு, மரக்கடை வைத்திருப்பவர் என்று யாராவது நினைத்தால் நான் பொறுப்பில்லை. அவருக்குச் சொந்தமாக உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. சேற்றுக்குளத்தின் மதகில் பலகை எடுப்பதும் பலகை போடுவதும்தான் அவர் வேலை. இதுவும் ஒரு வேலையா என்று கேட்பவர்களைக் கூட்டிக்கொண்டு போய் எங்கள் கால்வாயைக் காட்ட வேண்டும். கால்வாயின் இரண்டு பக்கமும் மூங்கில் நட்டுப் பாத்தி பிரித்து மட்டிச் சிப்பி வளர்த்துத்தான் எங்கள் தெரு சோறு தின்கிறது. அந்தச் சோறு அவர் எடுக்கும் பலகையில் இருந்தது.

நான் ஐஸ் கடைக்காரன். என் கிடங்குக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அவர் மனைவி மட்டிக்காரி. கால்வாயில் எத்தனையோ பெண்கள் மட்டி அள்ளினாலும் அவளை மட்டும் அப்படிக் கூப்பிடுவோம். அவள் அள்ளும் கூடையில் ஒரு செத்த மட்டிகூட இருக்காது என்பதால் வந்த பெயர் அது. அவள் அக்காவைத் தெருவே பெரியக்கா என்று கூப்பிடும், அவரைவிட வயதானவர்கள் உட்பட. அவர்கள் மட்டி வெளியூர் போக என் ஐஸ் வேண்டும், என் ஐஸ் கரையாமல் விற்க அவர்கள் மட்டி வேண்டும். ஆகையால் நான் சொல்லப்போகும் விஷயத்தில் எனக்கும் வயிற்றெரிச்சல் உண்டு. இல்லை என்று நடிக்க மாட்டேன்.

துறைமுகத்துக்குக் கப்பல் வருகிற பாதை தூர்ந்துகொண்டே இருக்கும். அதை அள்ளுவதற்கென்றே ஒரு தூர்வாரும் கப்பல். அது அடியிலிருக்கும் சேற்றை உறிஞ்சி, நீளக் குழாய் வழியாக எங்கள் தெருவுக்கு மேற்கே கரை கட்டிய பெரும் பள்ளத்தில் கொட்டும். அதுதான் சேற்றுக்குளம். சேறு என்று பேர், வருவதில் முக்கால்வாசி தண்ணீர். மணல் குழாய் வாயிலேயே விழுந்துவிடும். மற்றதெல்லாம் அடியில் படிந்துகொண்டே மெதுவாக மறுமூலைக்கு நகரும். அந்த மூலையில் மதகு. சிமெண்டுத் தொட்டியின் வாயில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகைகளை அடுக்கியிருக்கும். மேல் பலகையைத் தாண்டி நிற்கிற தண்ணீர் மட்டும் வழியும். வழிகிற இடத்தில் ஒரு டிரம்மிலிருந்து படிகாரக் கரைசல் சொட்டும். பிறகு அது தெளிகுட்டை என்ற சின்னக் குட்டையில் கிடந்து ஊறி, மிச்சம் மீதி தூசியையும் இறக்கிவிட்டு, குட்டை வாயில் இருக்கும் இன்னொரு பலகை அடுக்கைத் தாண்டி, ஒரு குழாய் வழியாக எங்கள் கால்வாயில் விழும்.

முதலில் தூர்வார வந்தவர்களுக்கு இந்தப் பொறுமை இல்லை. குளம் நிறைந்ததும் கையில் கிடைத்த பலகையை எல்லாம் உருவிவிட்டார்கள். கால்வாய் சாக்கடையாகப் போயிற்று, பாத்திகளில் மட்டி மூச்சு முட்டிச் செத்தது. பெரியக்கா தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மதகின்மேல் உட்கார்ந்துவிட்டார். வெயிலில் தலையில் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு, எழுந்திருக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கடைசியில் அவர் கேட்ட இரண்டும் நடந்தது. ஒன்று, கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர்தான் கால்வாய்க்கு வர வேண்டும். இரண்டு, பலகை எடுக்கும் ஆள் எங்கள் தெரு ஆளாக இருக்க வேண்டும். அப்போது படகுகளுக்குத் தார் பூசிக்கொண்டிருந்த தன் தங்கை புருஷனைப் பெரியக்காவே கைகாட்டினார்.

"தம்பி, உங்கள நம்பித்தான் விடறோம். கலங்கல் ஒரு சொட்டு வரக்கூடாது" என்றார்.

பலகைக்காரர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தான் சாப்பிட்டுக்கொண்டிருந்த நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் தட்டில் மூன்று துளை போட்டு, கயிறு கட்டி, கயிற்றில் முடிச்சுகள் போட்டார். தினமும் விடிந்ததும் அதை மதகோரத்தில் இறக்குவார். இரண்டாவது முடிச்சு வரை இறங்கியும் தட்டு தெரிந்தால் ஒரு பலகை எடுப்பார். தெரியாவிட்டால் யார் தலைகீழாக நின்றாலும் எடுக்க மாட்டார். கப்பல் ஆட்கள் திட்டுவார்கள், சைட் சூப்பர்வைசர் கெஞ்சுவார். இவர் தட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

"சோத்தத் தவிர மத்த எல்லாத்தையும் அந்தத் தட்டுலதான் பாக்குறாரு" என்று மட்டிக்காரி சிரிப்பாள். அவளுக்கு அதில் பெருமைதான்.

அந்த வருஷம் கோடையில் கப்பலைப் பழுது பார்க்கக் கொண்டுபோய்விட்டார்கள். குளத்துக்குச் சேறு வரும் குழாயின் வாய் வறண்டது. புதுச் சேறு வராததால் குளம் ஒரு பக்கத்திலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. முன்பெல்லாம் அந்தப் பக்கம் போனால் அழுகிய முட்டை நாற்றம் குடலைப் பிடுங்கும்; அதுவும் போய்விட்டது. சேறு பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் கால் நுழையும் அளவுக்கு அகலமாயிற்று. வெடிப்புகளின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு பூச்சு. பலகைக்காரர் அதன்மேல் செருப்பில்லாமல் நடந்து பார்த்துவிட்டு வந்து, "கெட்டியாயிடுச்சு, இனிமே கலங்கலே வராது" என்றார். எங்களுக்கும் நிம்மதி. அந்த மஞ்சள் என்னவென்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஆற்றிலிருந்து வண்டல் அடித்துக்கொண்டு வந்து கால்வாய் பழுப்பாயிற்று. பாத்திகளின்மேல் வழவழவென்று ஒரு படலம் இறங்கியது. பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, துடைப்பத்தால் தரையைப் பெருக்குகிற மாதிரி தண்ணீருக்குள் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் பலகைக்காரர் என் கிடங்கு வாசலில் வந்து நின்றார். தலையில் சாக்கு, முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"ஐஸ்காரரே, வந்து ஒண்ணு பாருங்க."

"என்ன, கப்பல் வந்துடுச்சா?"

"அட வாங்க சொல்றேன்."

போனேன். மட்டிக்காரியும் நனைந்த சேலையோடு பின்னால் வந்தாள். பலகைக்காரர் மதகோரம் மண்டியிட்டுத் தட்டை இறக்கினார். இரண்டாவது முடிச்சு போயிற்று, மூன்றாவது போயிற்று, கயிறே தீர்ந்து தட்டு அடியில் உட்கார்ந்தது. நீல விளிம்பு தெளிவாகத் தெரிந்தது. விளிம்பில் எனாமல் உதிர்ந்திருந்த இடம்கூடத் தெரிந்தது. தண்ணீருக்கு லேசாகப் பச்சை கலந்த நீலம். நான் பிறந்ததிலிருந்து அந்தச் சேற்றுப் பக்கத்தில் இப்படி ஒரு தண்ணீரைப் பார்த்ததில்லை.

"எத்தன வருஷமா இந்தத் தண்ணிக்காக உக்காந்திருக்கேன் தெரியுமா" என்றார் பலகைக்காரர்.

மட்டிக்காரி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"என்னங்க, கால்வாயில வண்டல் வந்து பாத்திய மூடுது. பெருக்கிப் பெருக்கிக் கையே போச்சு. இந்தத் தண்ணியக் கொஞ்சம் சேத்து விட்டீங்கன்னா கழுவிட்டுப் போகாதா?"

"போகும்."

"மேடம் வந்து பாக்க வேண்டாமா?"

மேடம் என்பது தண்ணீரைச் சோதிக்க வருகிற பெண். மழையில் பாதை அறுந்து அவர் வரவில்லை.

"அவங்க வந்தாலும் கலங்கலத்தான பாப்பாங்க. இதுல கலங்கல் எங்க இருக்கு? படிகாரம்கூடத் தேவையில்ல." சொல்லிக்கொண்டே அவர் கொக்கியை மாட்டினார். எப்போதும் ஒரு பலகை எடுப்பவர் அன்று இரண்டு எடுத்தார். குட்டை வாயிலும் அதே மாதிரி எடுத்தார். எடுத்த பலகையின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள்.

அந்தத் தெளிந்த தண்ணீர் போய் முதலில் விழுந்தது அவள் பாத்தியில்தான், குழாய்க்குப் பக்கத்தில் இருப்பது அது. அதற்கு அடுத்தது பெரியக்காவுடையது.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இப்போதும் வாய் வரவில்லை. மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில் பெண்கள் கூடையோடு இறங்கினார்கள். இரும்புப் பல் வைத்த கூடையைத் தரையில் இழுத்துத் தூக்கினால் மட்டி கலகலவென்று விழ வேண்டும். அன்று எல்லாம் வாயைத் திறந்தபடி வந்தது. தொட்டால் மூடவில்லை. மட்டிக்காரி ஒரு கூடை தூக்கினாள், கொட்டினாள். இன்னொரு கூடை தூக்கினாள், கொட்டினாள். யாரோ போதும் என்று சொல்லும் வரை தூக்கிக்கொண்டே இருந்தாள். மதியத்துக்குள் தெருவே நாறியது. நான் உடைத்து வைத்திருந்த ஐஸ் கேட்பாரில்லாமல் கரைந்து வாசலில் ஓடியது.

பெரியக்காவின் பாத்தியில் ஆற்றுப் பக்கம் இருந்த ஒரு ஓரம் மட்டும் பிழைத்திருந்தது. மற்றவர்களுக்கும் அங்கங்கே கொஞ்சம். குழாய்ப் பக்கத்தில் எதுவும் இல்லை.

"மழைத் தண்ணி" என்றார் பெரியக்கா, கரையில் உட்கார்ந்து. "உப்பு கொறஞ்சு போச்சு. எங்கம்மா காலத்துல ஒரு தடவ இப்படித்தான் போச்சு. என்ன செய்ய."

சைட் சூப்பர்வைசர் ரப்பர் பூட்சோடு வந்தார். கெட்ட மனிதர் இல்லை, வம்பு வேண்டாம் என்று நினைக்கிற மனிதர். அவரும் மழைத் தண்ணீர் என்றார். கப்பல் திரும்பி வருகிறது, குளத்தில் மீதி இருக்கும் தண்ணீரையும் சீக்கிரம் வடித்துவிட்டால் நல்லது என்றும் பலகைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பாத்திரம் வைக்கிற சத்தம்கூட இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பலகைக்காரருக்குக் கால் எரிச்சல் என்று காலையில் யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. துணியில் ஒரு கட்டி ஐஸைச் சுற்றிக்கொண்டு போனேன்.

அவர் கட்டிலில் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். குதிகால் வெடிப்பெல்லாம் சிவந்து, புண் மாதிரி இருந்தது. அவள் தரையில் ஒரு கூடை நிறைய மட்டி ஓடுகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் வைத்த சோறு அப்படியே இருந்தது.

"இந்தாங்க, இதக் கால்ல வைங்க" என்றேன்.

அவர் வாங்கி வைத்துக்கொண்டார். வைத்ததும் முகம் சுளித்தது.

"மதகுத் தண்ணியில நின்ன கால்" என்றாள் அவள், தலை நிமிராமல். "நானும் அன்னைக்கு மதகுலயும் நின்னேன், கால்வாயிலயும் நின்னேன். எனக்கும் விரலிடுக்கு எரிஞ்சுது. மழையில சேத்துப்புண் வந்திருக்கும்னு நெனச்சேன்."

"சேத்துப்புண்தான்" என்றார் அவர்.

"ஒரே நாள்லயா?"

அவர் ஐஸை அடுத்த காலுக்கு மாற்றினார். அவள் ஒரு ஓட்டை என் பக்கம் நீட்டினாள்.

"அண்ணே, நீங்க எத்தன வருஷமா மட்டி பாக்குறீங்க. மழையில செத்த மட்டி ஓடு எப்படி இருக்கும்?"

"எப்பவும் போல. பளபளன்னு."

"இதத் தடவுங்க."

தடவினேன். கரும்பலகையில் எழுதும் சாக்குக்கட்டியைத் தொட்ட மாதிரி விரலில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. மேல் தோல் போய், ஓடு மெலிந்து, விளிம்பு நகத்தால் கிள்ளினால் உதிர்ந்தது.

"அக்கா பாத்தியில செத்ததும் இப்படித்தான் இருக்கு. ஆத்துப் பக்கம் போகப் போக பளபளப்பு இருக்கு. கொழாப் பக்கம் வர வர மாவா இருக்கு" என்றாள். "மழை எல்லா எடத்துலயும்தான பேஞ்சுது?"

ஐஸ் கரைந்து தரையில் சொட்டியது. பிறகு பலகைக்காரர் பேசினார்.

"அவ்ளோ தெளிவா இருந்துச்சே."

"இருந்துச்சு."

"நீயும் பாத்தியே."

"பாத்தேன். பாத்துட்டு நான்தான கேட்டேன். நீங்களா எடுத்தீங்க? நான் கேட்டு எடுத்தீங்க."

"நீ கேக்கலன்னாலும் எடுத்திருப்பேன்."

"ஒண்ணு எடுத்திருப்பீங்க. ரெண்டாவது எனக்காக எடுத்தது."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதார் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தேன்.

மேடம் அடுத்த நாள் வந்தார். சேறு தெறித்த பேண்டோடு நேராகக் குளத்துக்குப் போய், மஞ்சள் காகிதத் துண்டு ஒன்றைத் தண்ணீரில் நனைத்தார். அது சிவந்தது. இன்னொன்றை நனைத்தார். அதுவும் சிவந்தது. அவர் மதகின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கடல் சேறு தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் சும்மா இருக்கும்" என்றார். "காஞ்சு வெடிச்சுக் காத்துப் பட்டா புளிக்க ஆரம்பிச்சிடும். அந்த மஞ்சப் பூச்சு அதோட அடையாளம். மழை பேஞ்சா அந்தப் புளிப்ப எல்லாம் கழுவிக் கொண்டாந்துடும். சாதாரணப் புளிப்பு இல்ல, அமிலம்."

"ஆனா தெளிவா இருந்துச்சே மேடம்" என்றார் பலகைக்காரர். அவருக்கு அந்த ஒரு கேள்விதான்.

"அதனாலதான் தெளிவா இருந்துச்சு. படிகாரம் செய்யற வேலைய அந்தப் புளிப்பே செஞ்சிடும். தூசியெல்லாம் தெரண்டு அடியில உக்காந்துடும். தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிடும். ரொம்பத் தெளிஞ்சிருந்தா பயப்படணும்." கொஞ்சம் நிறுத்தி, "இதுக்கு முன்னாடி இங்க சேறு காஞ்சதே இல்ல, அதனால நானும் இத்தன நாளா கலங்கல மட்டும்தான் பாத்தேன். கோடையிலயே பாத்திருக்கணும். இது உங்க தப்பு மட்டும் இல்ல" என்றார்.

நல்ல மனசுதான். ஆனால் அந்த நேரத்தில் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு பலகைக்காரர் என்ன செய்வார். குளத்தில் பாதிக்கு மேல் அதே தண்ணீர் இன்னும் நின்றது. அதே அழகோடு நின்றது. வானம் மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது. மழைதான் காரணம் என்று எல்லாரும் நம்பிவிட்டால், கப்பலுக்காக அதையும் திறப்பார்கள். பெரியக்காவின் அந்த ஓரமும் போய்விடும். திரும்ப விதை போட ஒரு மட்டி இருக்காது.

என் ஐஸ் கிடங்கு முற்றத்தில் தெருவே கூடியது. அங்கேதான் கூரை உண்டு. சூப்பர்வைசர் ஒரு மழைக்கோட்டோடு நின்று, இயற்கையின் சீற்றம் என்கிற மாதிரி ஏதோ ஆரம்பித்தார். பலகைக்காரர் எழுந்திருக்கப் போனார். அவருக்கு முன்னால் மட்டிக்காரி எழுந்துவிட்டாள். நான் ஐஸ் உடைக்கிற மரக்கட்டையின்மேல், தன் மடியிலிருந்த ஓடுகளைக் கொட்டினாள்.

"அக்கா, தடவிப் பாரு."

பெரியக்கா ஒன்றை எடுத்துத் தடவினார். கட்டைவிரலைப் பார்த்தார். மறுபடி தடவினார்.

"மழை இல்லக்கா. கொளத்துத் தண்ணி. சேறு காஞ்சு புளிச்சிருக்கு. தெளிஞ்சிருக்கேன்னு தெறந்துட்டோம்."

"ரெண்டு பலகை எடுத்தேன்" என்றார் பலகைக்காரர், தரையைப் பார்த்து.

"நான் எடுக்கச் சொன்னேன்" என்றாள் அவள். "எம் பாத்தியில வண்டல் மூடுதுன்னு, கழுவி விடச் சொன்னேன்."

மழை கூரைத் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பெரியக்கா கையிலிருந்த ஓட்டைக் கட்டையின்மேல் வைத்தார்.

"உம் பாத்தியக் கழுவ எம் பாத்தியையும் சேத்துக் கழுவிட்டீங்க."

"அக்கா..."

"அக்கான்னு கூப்பிடாத. தெருவ ஒருத்தனும் ஏமாத்தக்கூடாதுன்னு சொந்த ஆளப் போட்டேன். வேத்தாள் செஞ்சிருந்தா சண்ட போட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இப்ப எங்க போறது?"

தங்கை தலை குனிந்து நின்றாள். பெரியக்கா பலகைக்காரரைப் பார்க்கவே இல்லை. சூப்பர்வைசரிடம் திரும்பினார்.

"அந்தத் தண்ணியத் தெறக்கக் கூடாது."

"கப்பல் வருதும்மா, எத்தன நாள் வெச்சிருக்க முடியும்?"

"மருந்து போடுங்க, மாத்துங்க, என்னவோ செய்யுங்க. இவ புருஷன் தட்ட இனிமே யாரும் நம்ப வேண்டாம். பேப்பரும் பாருங்க, அதோட மட்டியும் போடுங்க. குட்டையில ஒரு பை மட்டி கெடக்கட்டும். அது பொழச்சா தெறங்க." பிறகு தங்கையிடம், "உங்க வீட்டு மட்டி" என்றார்.

மட்டிக்காரியிடம் மீதி இருந்தது ஒரே ஒரு பை. அடுத்த விதைக்கென்று நல்லதாகப் பொறுக்கி, ஆற்றுப் பாலத்தடியில் தனியாகக் கட்டி வைத்திருந்தாள். அது தெருவுக்கே தெரியும்.

"சரி" என்றாள்.

புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு லாரியில் வந்தது. பலகைக்காரர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, டிரம்மில் கரைத்துக் கரைத்து மதகிலும் குட்டையிலும் ஊற்றினார். கையெல்லாம் வெடித்தது. சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார். அவள் கரைசலைக் கலக்கினாள், மூட்டை பிரித்தாள். மேடம் மதகைச் சுற்றிக் காகிதமும் கையுமாக அலைந்தார். வெடித்த சேறு மறுபடி காயாமல் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடக்க வேண்டும் என்று குளத்தின் பலகைகளை உயர்த்தச் சொன்னார். காய வேண்டும் என்று கோடை முழுக்க ஆசைப்பட்ட சேறு அது.

காகிதம் ஒருவழியாகச் சிவப்பதை நிறுத்தியதும், மட்டிக்காரி பையைக் கொண்டுவந்து குட்டையில் கட்டித் தொங்கவிட்டாள். கட்டிவிட்டுச் சிறிது நேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

அன்றே ஒரு பெருமழை. குளத்தின் தூரத்து மேட்டில் இன்னும் தண்ணீருக்குள் முழுகாமலிருந்த வெடிப்பெல்லாம் கழுவிக்கொண்டு வந்து சேர்ந்தது. விடிந்து மேடம் நனைத்த காகிதம் சிவந்தது. மட்டிக்காரி பையை இழுத்தாள். எல்லாம் வாயைத் திறந்திருந்தது. பையை அவிழ்த்துக் கரையில் கொட்டி, வெறும் பையை அலசி மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். பலகைக்காரர் அதைப் பார்த்தார். பிறகு போய் அடுத்த மூட்டையைப் பிரித்தார்.

அந்த நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கம் நான் கேட்ட ஒரே பேச்சு இதுதான்.

"வேற ஊருக்குப் போயிடலாமா?"

"தண்ணிய இப்படி விட்டுட்டா?" என்றாள் அவள்.

இன்னும் சுண்ணாம்பு வந்தது. மேட்டுச் சேறும் தண்ணீருக்குள் முழுகியது. அதற்குள் பெய்ய வேண்டிய மழையெல்லாம் பெய்து தீர்ந்தது. காகிதம் நிறம் மாறாமல் நின்றது. மேடம் மழை ஓய்ந்தும் சில நாள் காத்திருந்து பார்த்துவிட்டு, இனி மட்டி போடலாம் என்றார். போடுவதற்கு மட்டி எங்கே? சூப்பர்வைசர் சந்தையில் வாங்கித் தருகிறேன் என்றார். எங்கிருந்தோ ஐஸில் கிடந்து வருகிற மட்டி, பாதி வழியிலேயே செத்தது எது, இங்கே செத்தது எது என்று யார் சொல்வது? நானே ஐஸ்காரன், எனக்குத் தெரியாதா.

பலகைக்காரர் குட்டைக் கரையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். அப்போது பெரியக்கா கரைமேல் ஏறி வந்தார். ஈரச் சேலையைத் தூக்கிச் சொருகியிருந்தார். கையில் ஒரு பை சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஓரத்தில் பிழைத்தது.

"புடிடி" என்று தங்கையிடம் நீட்டினார்.

"அக்கா, இது செத்தா உனக்கு..."

"உங்கிட்டதான் இல்லையே. எத்தன தடவ உன்னையே போடச் சொல்றது?" மூச்சு வாங்கியது. "தெளிஞ்ச தண்ணிதான் வேணும்னு மதகுமேல உக்காந்தவ நான். உம் புருஷன் எம் பேச்சக் கேட்டுத்தான் அந்தத் தட்ட எடுத்தாரு. கட்டு."

தங்கை கட்டினாள். ஈரக் கயிற்றில் முடிச்சு விழவில்லை. பெரியக்கா ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மூவரும் மூன்று பக்கம் போய் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். பொழுது விடிவதும் போவதுமாக இருந்தது. அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாம் கயிற்றைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். நானும் கடையைச் சாத்திவிட்டுப் போய்ப் பார்த்து வந்தேன்.

போதும் என்று மேடம் சொன்ன காலையில் எல்லாரும் கரையில் நின்றோம். பெரியக்காதான் கயிற்றை இழுத்தார். பை மேலே வந்தது. உள்ளே ஒன்று லேசாக வாய் திறந்திருந்தது. அவர் விரலால் அதைத் தொட்டார். சட்டென்று மூடிக்கொண்டு அவர் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சியது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மற்றதையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் மூடிக்கொண்டது. மட்டிக்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பலகைக்காரருக்குப் பழக்க தோஷம். தட்டை எடுத்துக் குட்டை வாயில் இறக்கினார். சுண்ணாம்பு போட்ட தண்ணீர், கழுவிவிட்ட பால் பாத்திரம் மாதிரி வெளுப்பாக இருந்தது. முதல் முடிச்சுக்கே தட்டு மறைந்துவிட்டது. அவர் கயிற்றைப் பிடித்தபடி மேடத்தைப் பார்த்தார்.

"பரவாயில்ல, இது சுண்ணாம்போட வெளுப்பு. ஒண்ணும் பண்ணாது" என்றார் மேடம்.

பலகைக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் பலகையின் ஒரு முனையில் கையை வைத்தாள். அவர் கை வரவில்லை. தட்டு தெரியாமல் அவர் வாழ்நாளில் ஒரு பலகைகூட எடுத்ததில்லை.

பெரியக்கா பையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையிறங்கினார். கால்வாயில் இறங்கி, தங்கையின் வெறும் பாத்தியைக் கடந்து, குழாய்க்கு நேராக இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றார். அங்கிருந்து மேலே பார்த்தார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் பலகைக்காரரிடம் நேராகப் பேசியதில்லை.

"தம்பி, ஒண்ணு போதும். பாத்து எடுங்க" என்றார்.

பலகைக்காரர் கொக்கியை மாட்டினார். பலகை கைக்கு வந்தது. அந்தக் கலங்கல் தண்ணீர் வழிந்து, குழாயில் இறங்கி, பெரியக்காவின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவர் நகராமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.